கமர்கட்டு கரையும் வரை

இந்தாங்க அக்கா, ஒரு கமர்கட்டு. சும்மா வாங்கிக்கோங்க, மயக்க மருந்தெல்லாம் வைக்கவில்லை. இந்தப் பை முழுக்கக் கமர்கட்டுதான். இதை மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி வரை வாயைக் கட்டிக்கொண்டு போக என்னால் முடியாது. போட்டு ஒரு ஓரமாக ஒதுக்கிக்கோங்க. கடிச்சிராதீங்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கரையும் வரைக்கும் உங்களால் பேச முடியாது. பரவாயில்லை, நான் பேசுகிறேன்.

அந்தக் குடையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்க, முட்டியில் இடிக்கிறது. குடைதானே? இவ்வளவு நீளக் குடையை நான் பார்த்ததே இல்லை.

"உள்ள போ, உள்ள போ, நடுவுல ஊஞ்சல் கெட்டி ஆடலாம், அம்புட்டு எடம் கெடக்கு."

பார்த்தீங்களா, எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். கண்டக்டர் அதோ முன்னால் யாருக்கோ சில்லறை தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது கத்தியது நான். தன் குரல் பின்னாலிருந்து எப்படி வந்தது என்று அவரே திரும்பிப் பார்க்கிறார். நீங்க ஜன்னல் பக்கம் பாருங்க, சிரிக்காதீங்க.

என் பெயர் பிரிசில்லா. பதினொன்றாம் வகுப்பு. ஒரு ஆள் ரெண்டு நிமிஷம் பேசிக் கேட்டால் போதும், குரல் எனக்கு வந்துவிடும். எங்கள் ஹெட்மாஸ்டர் எதைச் சொன்னாலும் 'ஆகவே' என்றுதான் தொடங்குவார். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "ஆகவே, ஒன்பதாம் வகுப்பு மாணவச் செல்வங்கள் மைதானத்துக்குச் செல்லலாம்" என்றேன். கணக்கு டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாக அவரே கூட்டிக்கொண்டு போனார்.

நான் இப்போது எங்கே போகிறேன், எதற்கு இவ்வளவு கமர்கட்டு என்று கேட்க நினைக்கிறீங்க. கண்ணிலேயே தெரிகிறது. அதற்கு அனுசுயா அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

போன பருவத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி படிக்கிற அக்கா. என்ன ஆராய்ச்சி தெரியுமா? பிள்ளைகள் உயிரியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது. தவளையை ஆராய்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தவளையைப் பற்றிப் படிக்கிற பிள்ளையை ஆராய்வதற்கும் ஆள் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஆக, அந்த ஆராய்ச்சியில் தவளை நாங்கள்தான்.

ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் கேமராவை வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். அதற்கு முன்னால் எங்கள் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு அனுமதி வாங்கினாள். எங்கள் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். அனுமதி கேட்க வந்த போன், சாம்பாருக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்பது வரைக்கும் போய்விட்டது. அப்புறம் தினமும் காலையில் அக்கா அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, நாலு இட்லி எடுத்து வைங்க" என்பாள். அந்த அளவுக்குச் சிநேகம்.

கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு வேப்பமுத்தை மண்ணில் போடுகிறோம். அது வளர்ந்து, லாரியில் ஏற்றுகிற அளவுக்குப் பெரிய மரமாகிறது. அந்த எடை முழுக்க எங்கேயிருந்து வந்தது?

இதைக் கேட்டுவிட்டு அக்கா வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. அவளுக்கு வழிகாட்டியான விசாலம் மேடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளை என்ன உளறினாலும் தலையாட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், 'அப்படி ஏன் நினைக்கிறே?' என்று மட்டும் கேட்கலாம். வேறு வார்த்தை கிடையாது. பிள்ளையின் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே வந்திருக்கிறோம், நம் மண்டையில் இருப்பதை அங்கே கொட்டுவதற்கு இல்லையே என்பாராம் மேடம்.

அனுசுயா அக்காவால் அது முடியவில்லை. அவள் ஆராய்ச்சிக்கு வரும் முன் டியூஷன் சென்டரில் பாடம் எடுத்தவள். தப்பான விடையைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும் போல. பையன் "மண்ணுலருந்துக்கா" என்று வாயைத் திறந்ததும், இவள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள். "மண்ணா? நல்லா யோசி. இலை என்ன பண்ணும்? எதை உள்ள இழுக்கும்? கா... கா..." பையன், "காக்கா" என்பான். "காற்று தம்பி, காற்று. காற்றுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு." பையன் வெளியே வந்து அடுத்தவனிடம் சொல்லிவிடுவான். மதியத்துக்குள் எங்கள் வகுப்பு மொத்தமும் அறைக்குள் போனதும் 'காற்றுக்கா' என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டது. கேள்வியைக் கேட்கும் முன்பே ஒருத்தன் சொல்லிவிட்டான்.

நான் போனபோது சும்மா இருப்பேனா? முதலில் ஹெட்மாஸ்டர் குரலில், "ஆகவே மரமானது மண்ணை உண்டு வாழ்கிறது" என்றேன். அப்புறம் எங்கள் பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் ராசையா அண்ணாச்சி குரலில், "எட, கொள்முதல் இல்லாம எவன்டே சரக்கு தருவான்? மண்ணுதான் மொதலாளி" என்றேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "சரி பிரிசி, இப்ப காற்றைப் பற்றி யோசிச்சியா?" என்றாள். போச்சு.

அந்த வாரக் கடைசியில் மேடம் வீடியோ காலில் வந்தார். நான் தற்செயலாகக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். தற்செயல்தான் அக்கா, ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? மேடத்துக்குக் கோயம்புத்தூர் பக்கத்துப் பேச்சு. சத்தம் போடவே மாட்டார். திட்டுவதைக்கூடத் தாலாட்டுகிற மாதிரித் திட்டுவார்.

"ஏங்கண்ணு அனுசுயா, இத்தனை வீடியோ பார்த்தனே, புள்ளைங்க பேசற சத்தத்தவிட உன்ற சத்தந்தான் நெறையாக் கேக்குது. இதுல நான் எதைப் படிக்கட்டும்? உன்னையப் படிக்கட்டுமா?"

"இனிமே பேசமாட்டேன் மேடம்."

"இதையேதான் போன தடவையும் சொன்னே. அடுத்த வாட்டியும் இப்படியே வந்துச்சுன்னா, அந்த ஸ்கூலுக்கு வேற ஆளை அனுப்பிப்போடறேன். நீ இங்க வந்து, அடுத்தவங்க எடுத்த வீடியோவக் கேட்டு டைப் பண்ணிட்டு இரு. கோவிச்சுக்காதே கண்ணு."

போனை வைத்துவிட்டு அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டியூஷன் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் சண்டை போட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள். இங்கிருந்து அனுப்பிவிட்டால் அவ்வளவுதான் என்று எங்கள் அம்மாவிடம் இட்லி சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பாவமாக இருந்தது என்று நினைச்சிராதீங்க. அதெல்லாம் கிடையாது. அக்கா போய்விட்டால் பிஸ்கட் போய்விடும், பாதிப் பீரியட் வகுப்பிலிருந்து தப்பிப்பதும் போய்விடும். அதைவிட, அப்படி ஒரு குரலைக் கேட்டுவிட்டு அதைப் பயன்படுத்தாமல் எப்படி இருப்பது? 'என்ற', 'உன்ற', 'கண்ணு'. நாக்கு தினவெடுத்தது. சும்மா ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். ரீசார்ஜ் பண்ணச் சொல்லி அம்மா கொடுத்துவிட்ட போன் என் பையில் இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய், அக்காவுக்கு அடித்தேன்.

"சொல்லுங்க அம்..." என்று ஏதோ தொடங்கினாள். நான் இடமே கொடுக்கவில்லை.

"ஏங்கண்ணு அனுசுயா, நான் விசாலம் பேசறேன். என்ற போனுல சார்ஜ் இல்ல, இது பக்கத்து வூட்டு நம்பரு."

தெரியாத நம்பராக இருக்கிறதே என்று அவள் யோசித்துவிடக் கூடாதில்லையா, அதனால் நானே முந்திக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அப்புறம், "வ... வணக்கம் மேடம்" என்றாள். குரல் நடுங்கியது. அவ்வளவு பயம்.

"உன்ற வாய்தான் கண்ணு உனக்கு வில்லங்கம். நாளையிலருந்து கேள்வியக் கேட்டதும், ஒரு கமர்கட்ட எடுத்து வாயில போட்டுக்கோணும். அது கரையற வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

"மூச்சு விடலாங்களா மேடம்?"

"மூச்சு விடலாம். பேச்சுதான் விடக்கூடாது."

"சரிங்க மேடம். கமர்கட்டு இங்க எங்க கிடைக்கும்?"

"ஸ்கூலுக்கு எதுத்தாப்ல ராசையா அண்ணாச்சி கடையில கெடக்கு. மேல் தட்டுல, பச்சை மூடி போட்ட பாட்டில்."

கோயம்புத்தூர் மேடத்துக்கு ராசையா அண்ணாச்சி கடைப் பாட்டிலின் மூடி என்ன நிறம் என்று எப்படித் தெரியும் என்று நீங்க யோசிக்கிறீங்க. அக்கா யோசிக்கவில்லையே. அந்த அளவுக்கு என் குரல் இருந்தது. அவள் வேறு ஒன்றுதான் கேட்டாள்.

"பிரிசில்லாவுக்கும் ஒண்ணு குடுக்கலாங்களா மேடம்?"

"ரெண்டாக் குடு கண்ணு. அது நல்ல புள்ள."

அப்போது பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. என் காதுக்குப் பக்கத்திலேயே. "பெல் அடிச்சிருச்சுங்க மேடம், உங்களுக்குக் கிளாஸ் இருக்கும்" என்றாள் அக்கா. "ஆமா ஆமா" என்று வைத்துவிட்டு ஒரே ஓட்டம். எவ்வளவு அப்பாவி பாருங்க. மணி எந்தப் பக்கம் அடித்தது என்றுகூடத் தெரியவில்லை.

தேவர்குளம் வந்துவிட்டது. உங்களுக்குக் கரைந்துவிட்டதா? இந்தாங்க, இன்னொன்று. வேண்டாம் என்று கையைக் காட்டாதீங்க. கதை பாதியில் நிற்கிறது.

மறுநாள் அறைக்குள் போனேன். மேஜையில் ஒரு தட்டில் கமர்கட்டு. எனக்கு இரண்டு தனியாக எடுத்து வைத்திருந்தாள். முழுசாக நம்பிவிட்டாள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"இன்னைக்குப் பழைய கேள்விதான் பிரிசி. நான் சொன்ன பதிலை மறந்துரு. அது என்னோட பதில். மரத்தோட எடை எங்கிருந்து வந்தது? உனக்கு என்ன தோணுது?" என்றாள். ஒரு கமர்கட்டை வாயில் போட்டாள். கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொண்டது.

நான் ஹெட்மாஸ்டரை எடுத்துவிட்டேன். சிரிக்கவில்லை. அண்ணாச்சியை எடுத்துவிட்டேன். அசையவில்லை. எங்கள் உயிரியல் டீச்சர், மாவு மில்காரர், டிவியில் செய்தி வாசிக்கிற அம்மா, வரிசையாக எல்லோரும் வந்து போனார்கள். ஒரு ஆள் சிரிக்காவிட்டால் மிமிக்ரி எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் கையில் இருந்த குரல் எல்லாம் தீர்ந்துவிட்டது. மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கன்னம் மட்டும் இப்படியும் அப்படியும் போகிறது.

அந்த அமைதி தாங்க முடியவில்லை அக்கா. அதை உடைப்பதற்காக என்னவோ உளறினேன்.

"மண்ணு இல்லன்னு தோணுதுக்கா. மண்ணைத் தின்னு வளர்ந்தா, மரத்தைச் சுத்திப் பெரிய பள்ளம் விழுந்திருக்கணும்லா? நம்ம கிரவுண்ட் வேம்படியில பள்ளமே இல்ல. சிமெண்ட் மேடைதான் தூக்கிக்கிட்டு நிக்கி."

கமர்கட்டு அடுத்த கன்னத்துக்குப் போனது. நான் மேலே போனேன்.

"தண்ணின்னு சொல்லலாம். ஆனா எங்கம்மா விறகைக் காயப் போட்டுத்தான் அடுப்புல வைப்பா. தண்ணியெல்லாம் வத்தின பெறகும் விறகு கனமாத்தான் இருக்கும், நாந்தான தூக்குவேன். அது எரிஞ்ச பெறகு பாத்தா, ஒரு கட்டு விறகுக்கு ஒரு முறம் சாம்பல்கூட மிஞ்சாது. மீதி எங்க போச்சு? பொகையாத்தான போச்சு? கண்ணுக்குத் தெரியாமயும் போயிருக்கும். எரிஞ்சா காத்துல போகுதுன்னா... வரும்போதும் அங்கேயிருந்துதான் வந்திருக்கணும். சாம்பல் மட்டுந்தான் மண்ணு குடுத்ததோ என்னவோ."

அப்புறம்தான் கவனித்தேன், எந்தக் குரலில் பேசினேன் என்று. யாருடைய குரலும் இல்லை. கொஞ்சம் கரகரவென்று, சாதாரணமாக இருந்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அக்காவைப் பார்த்தால், கண் கலங்கியிருக்கிறது. "என்னாச்சுக்கா?" என்றேன். கமர்கட்டு பல்லில் ஒட்டிக்கொண்டதாம். கையைக் காட்டினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே போனால் வெளியே வர நேரமானது. 'காற்றுக்கா' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தவனெல்லாம், எதிரே அந்த உப்பின கன்னத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டான். ராசையா அண்ணாச்சிக்கு நல்ல வியாபாரம். "ஏட்டி, அந்த டீச்சரம்மாவுக்குச் சர்க்கரை வந்திராதா?" என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம் ஒருநாள் மேடமே நேரில் வந்துவிட்டார். சொல்லிக்கொள்ளாமல்.

நான் நழுவப் பார்த்தேன். அக்கா என்னையும் அறையில் இருக்கச் சொன்னாள். எதற்கு என்று தெரியவில்லை. மேடம் மூக்குக்கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வீடியோவைப் பார்த்தார். பள்ளம், விறகு, சாம்பல் எல்லாம் ஓடியது. ஒரு இடத்தில் நிறுத்தி, மறுபடி பின்னால் தள்ளிப் பார்த்தார். அக்கா சேலை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் இங்கே இருப்பதா, டைப் அடிக்கப் போவதா என்று அந்த மூக்குக்கண்ணாடிக்குத்தான் தெரியும்.

"ஒரு வார்த்தைகூட நீ பேசலையே கண்ணு. எப்படி முடிஞ்சுது? வாயில அது என்ன?"

"கமர்கட்டு மேடம். நீங்கதானே போன்ல சொன்னீங்க."

செத்தேன் என்று நினைத்தேன். மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். மேடமும் என்னைப் பார்த்தார். ரொம்ப மெதுவாக, வெயிலில் வற்றல் திருப்புகிற மாதிரி, தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த இதயப் படத்தைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார் மேடம். "நாந்தான் சொன்னேன். மறந்துபோட்டேன்."

பாவம், வயசாகிவிட்டதில்லையா, எத்தனை பேருக்கு எத்தனை யோசனை சொல்லியிருப்பார், எது சொன்னது எது சொல்லாதது என்று ஞாபகம் இருக்குமா? எனக்கு நல்லதாகப் போயிற்று. அக்காவுக்கு இருமல் வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அனுசுயா, இந்த ஸ்கூலு உன்றதுதான். வேற யாரும் வரமாட்டாங்க" என்றார் மேடம். அக்கா முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவே இல்லை. இந்த முறை இருமல் இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் மேடம் என் பக்கம் வந்தார். "சாமி, நீ எல்லார் மாதிரியும் பேசுவியாமா. எங்க, என்னைய மாதிரி பேசு, பார்க்கலாம்."

நான் யார்? மாட்டுவேனா? "பெரியவங்களை அப்படியெல்லாம் பேசமாட்டேன் மேடம்" என்றேன், ரொம்ப அடக்கமாக. மேடம் என் தலையில் கையை வைத்து, "நல்ல புள்ள. ரெண்டாக் குடுக்கலாம்" என்று கமர்கட்டுத் தட்டை நீட்டினார். எவ்வளவு நல்ல மனசு பாருங்க.

அதனால்தான் இந்தப் பயணம். திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நடக்கிறது. அனுசுயா அக்கா மாதிரி புதிதாக ஆராய்ச்சிக்கு வந்திருப்பவர்கள் பல ஊர்களிலிருந்து வருகிறார்களாம். பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது, எப்படிச் சும்மா இருப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்போவது அக்காதான். உட்கார்ந்து பதில் சொல்லப்போகிற பிள்ளை நான். ஆளுக்கு ஒரு மாதிரி நடிப்பேன்: ஒருத்தருக்கு வாயே திறக்காத பயந்தாங்கொள்ளிப் பிள்ளை, ஒருத்தருக்கு மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை, ஒருத்தருக்கு 'நீங்க சொன்னா சரிதான் மிஸ்' என்று தேன் ஒழுகப் பேசுகிற பிள்ளை. அவர்கள் வாயைத் திறந்து பதிலைச் சொல்லிவிட்டால் தோற்றுப்போனார்கள். எல்லோரையும் பேச வைக்காமல் விடமாட்டேன். கமர்கட்டும் நானே கொண்டுவர வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். என்ன பெயர் வைத்திருக்கிறார் தெரியுமா? கமர்கட்டு முறை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் நாளைக்கு இதைக் குறிப்பெடுத்து எழுதப்போகிறார்கள். நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று அடித்துவிட்ட சரடு.

இதில் பெரிய வேடிக்கை என்ன என்றால், அந்தப் போனில் பேசியது நான் என்று இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

மானூர் தாண்டிவிட்டது. உங்களுக்கு இப்போது கரைந்திருக்கும். தலையும் ஆட்டவில்லை, முகமும் சுளிக்கவில்லை, இவ்வளவு நேரம் நான் பேசியதை இப்படிக் கேட்டவங்களை நான் பார்த்ததே இல்லை. சொல்லுங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே.

என்ன?

'அப்படி ஏன் நினைக்கிறே'யா?

அக்கா, அந்தக் குடையைக் கொஞ்சம் காட்டுங்க. உறையை எடுங்க. குடைக்கு ஏது மூன்று கால்? கேமராவை நிற்க வைக்கிறதுதானே இது. நீங்களும் அங்கேதான் வாறீங்களா?

சரி. கேட்டுட்டீங்க. சொல்றேன். அக்காவுக்குத் தெரியாதுன்னு ஏன் நினைக்கிறேன்னா... நான் பேசினது அம்மா போன்லருந்து. அம்மா நம்பர் அக்காவுக்கு... தினமும் காலையில நாலு இட்லின்னு அந்த நம்பருக்குத்தான...

இருங்க.

அந்த மணி.

பச்சை மூடி.

இந்தப் பையைப் பிடிங்க அக்கா. எனக்கும் ஒண்ணு எடுத்துத் தாங்க. திருநெல்வேலி வார வரைக்கும் நான் பேசப்போறதில்ல.